கிழங்கைத் தொடக்கூடாது

உருளைக்கிழங்கைத் தொடக்கூடாது. அதுதான் விஷயம், மற்றதெல்லாம் சும்மா. இரும்புச் சட்டி நன்றாய்க் காய வேண்டும், ஒலிவ் எண்ணெய் தாராளமாய் விட வேண்டும், வெட்டி ஈரம் துடைத்த கிழங்கை ஒரே படையாய்ப் பரப்ப வேண்டும், பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடி முறுகினால் கிழங்கு தானாகவே சட்டியை விட்டுக் கழரும். அதற்கு முதல் அகப்பையைப் போட்டால் முறுகல் சட்டியோடு, கூழ் கையோடு. சின்யோரா அடேலெ சொல்லித் தந்தது. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த காலத்தில் நானும் என் மனைவி பாக்கியமும் அந்த மனுசியின் வீட்டில்தான் வேலை. நான் தரை துடைக்க, இவள் சமைக்க. பாக்கியத்துக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் சின்யோரா கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், தொடாதே ரத்னா, தொடாதே. கனகரத்தினம் அவள் வாயில் நுழையவில்லை, ரத்னா ஆக்கிவிட்டாள், தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. எனக்குப் பொறுமை கிடையாது. லிஃப்டுக்கு நிற்கமாட்டேன், படியில் ஏறிப்போய் மேலே மூச்சு வாங்கிக்கொண்டு லிஃப்டைத் திட்டுவேன். மலையில் இந்த ஊரைக் காக்கிற ரொசாலியாத் தாயின் கோயிலுக்குப் போனாலும் பாக்கியம் வெறுங்காலோடு மெல்ல மெல்ல ஏறி வர, நான் எப்போதோ மேலே போய், கும்பிட்டு முடித்து, இறங்கி அவளிடமே எதிரே வந்து நிற்பேன். இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்குத் தொடமாட்டேன். கையைக் கட்டியாயிற்று. சட்டி சீறுகிறது, சீறட்டும்.

இன்றைக்கு முறுகல் சரியாய் வர வேண்டும், ஏனென்றால் பாக்கியம் நேற்று இரவு வந்துவிட்டாள். அந்த அறையில்தான் படுத்திருக்கிறாள். மகள் நிரோஜாவின் பிள்ளைப்பேற்றுக்கு என்று பாசலுக்குப் போனவள், கொஞ்ச நாள்தான் என்று சொல்லிப் போனவள், ஒரு மாரியையும் ஒரு கோடையையும் சுவிசில் கழித்துவிட்டு வந்திருக்கிறாள். வந்தது நிற்பதற்கா, திரும்பிப் போவதற்கா, அது எனக்குத் தெரியாது. மகள் போனில் சொன்னது தெரியும். அப்பா, அம்மா வீட்டை ஒருக்கா வந்து பாக்கட்டும், பிறகு நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வந்திடுங்கோ, நீங்கள் வரமாட்டன் எண்டு நிண்டா அம்மா மட்டும் எண்டாலும் வரட்டும், எனக்கு வேலை துவங்குது. இன்றைக்குக் காலமை எடுப்பாளாம், தாய் பதில் சொல்ல வேண்டுமாம். நான் பாசலுக்குப் போகமாட்டேன். போய்ப் பார்த்த ஊர்தான். நல்ல ஊர், ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தம். அங்கே உடுப்புத் தோய்க்கிறதற்கு முறை நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலை எறிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் எட்டிப் பார்க்கிறார், மிளகாய் வறுத்தால் கூரையில் இருக்கிற ஒரு வெள்ளைச் சாமான் கத்துகிறது. மருமகன் பிரதீபன் கதிரையில் ஏறித் துவாயால் அதற்கு விசிறிக்கொண்டே, மாமா நீங்கள் இருங்கோ, மாமா நீங்கள் இருங்கோ என்றான். இருந்தேன். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான், இருப்பது. இங்கே அப்படியா. கீழே சத்தம், மேலே சத்தம், யாரோ யாரையோ திட்டுகிறான், பல்கனியில் கறிவேப்பிலை நிற்கிறது, அதற்கு நான் தண்ணி ஊற்றாவிட்டால் அது சாகும். பாக்கியத்திடம் நில்லும் என்று சொன்னால் போதும். ஒரு சொல். அந்தச் சொல் என் வாயில் வராது. தேத்தண்ணியைத் தவிர நான் அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, அதையும் கோப்பையை மேசையில் கொஞ்சம் சத்தமாய் வைத்துத்தான் கேட்கிறது. நேற்று விமான நிலையத்தில், பிளேன் எப்பிடி, என்று கேட்டேன். வந்ததுதானே, என்றாள். அவ்வளவுதான் கதைத்தோம். பஸ்சில் அவள் நித்திரை. நான் அவளுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், வளைவுகளில் உருண்டு போகாமல்.

அந்தப் பெட்டி. நீலப் பெட்டி, சில்லுப் பூட்டினது. ஹோலில் நிற்கிறது, திறக்கவில்லை, இழுக்கிற கைபிடியைக்கூட உள்ளே தள்ளவில்லை, இப்பவே யாராவது பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்கிற மாதிரி. பாக்கியம் எங்கே போய் வந்தாலும் முதல் வேலை பெட்டியைத் திறப்பது. கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கி வந்தாலும் செருப்பைக் கழற்ற முதல் பெட்டியைத் திறந்து ஈரத்துவாயைக் கொடியில் போடுகிறவள். நேற்றுத் திறக்கவில்லை. அலுப்பாயிருக்கும். அலுப்புத்தான். அல்லது திறந்து அடுக்குகிறது வீண்வேலை என்று நினைத்தாளோ, இரண்டு மூன்று நாளில் திரும்பவும் பூட்ட வேண்டிய பெட்டிதானே என்று. கிழங்கு மணக்கத் தொடங்கிவிட்டது. தொடமாட்டேன். பெட்டியைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நெருப்பைக் குறைத்துவிட்டுப் போனேன். சும்மா ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன், உருண்டது. நேற்று இந்தப் பெட்டியைப் படியில் தூக்கினவன் பாண்காரன் டானோவின் மருமகன், நான் இல்லை, அதனால் பாரம் எனக்குத் தெரியாது. பிடித்துத் தூக்கினேன். பாரமில்லை. வெறும் பெட்டி மாதிரி கை மேலே போய்விட்டது, நான் பின்னால் ஒரு எட்டு வைக்க வேண்டியதாய்ப் போயிற்று. போகும்போது இதே பெட்டியை நான் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது, சீலையும் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் அமுக்கி அமுக்கி வைத்தாள். இப்போது காற்று. அப்படியானால் அவளுடைய சாமான் எல்லாம் அங்கே. நிரப்பிக்கொண்டு போக வந்த பெட்டி இது. குளிர் சட்டைகளை எடுக்க, சுவாமிப் படங்களை எடுக்க, முருகனையும் ரொசாலியாத் தாயையும் பழைய சீலையில் சுற்ற. சுற்றச் சீலைகூட இல்லை. பெட்டியை மெதுவாய் இறக்கினேன், சில்லு கிறீச்சிட்டது. அறைக்குள் கட்டில் ஒரு தரம் முனகினது. நான் கள்ளன் மாதிரிக் குசினிக்குள் வந்துவிட்டேன்.

தன் வீட்டுக்குள் கள்ளன். நல்ல கதை. கிழங்கு கருகியிருக்க வேண்டும், கருகவில்லை. ஓரத்தில் ஒன்றை அகப்பை நுனியால் தட்டினேன், நழுவினது. ஆகா. புரட்டினால் பொன்னிறம், நடுவில் கொஞ்சம் கபிலம், கடித்தால் சத்தம் போடுகிற முறுகல். இத்தனை வருசத்தில் எனக்கு இப்படி வந்ததில்லை. நான் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறது, அதுதான் காரணம், நான் பக்கத்தில் நின்றால் வராது. சரி. இனி வெண்காயம், நீளவாட்டில். சிவப்புக் குடைமிளகாய். கீழ்ச் சந்தையில் வாங்கின சொசேஜைத் தோலுரித்துப் பிய்த்துப் போட வேண்டும், அதில் பெருஞ்சீரகம் போட்டிருப்பார்கள், சூடு பட்டவுடன் எங்கள் வீட்டு இறைச்சிக்கறியின் மணம் எழும்பும், அதனால்தான் முதல் நாளே பாக்கியத்துக்கு இந்தச் சாப்பாடு பிடித்தது. அந்த முதல் நாள். சின்யோரா சட்டியை அப்படியே தூக்கிவந்து மேசை நடுவில் வைத்துவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பை இல்லை, ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு முள்ளுக்கரண்டி, கிள்ளித் தின்னப் பாண். ஒரே சட்டியில் எல்லாரும். எச்சில். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, பசியில்லை என்றேன், வயிறு அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டது. சின்யோராவுக்கு விளங்கவில்லை, முகம் வாடிவிட்டது. வேலைக்கு வந்து இரண்டாம் கிழமை, வேலை போய்விடும் என்று பயம் வேறு. பாக்கியம் அகப்பையை எடுத்துச் சட்டிக்குள் நடுவாலே ஒரு கோடு இழுத்தாள். கிழங்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் விலகினது. உது உங்கட பக்கம், இது எங்கட பக்கம், ஆரும் எல்லை தாண்டேல்லை, சாப்பிடுங்கோ, என்றாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சின்யோராவும் விளங்காமலே சிரித்தாள். நான் சாப்பிட்டேன். அன்றையிலிருந்து இந்தச் சட்டியில் கோடு இல்லாமல் நாங்கள் சாப்பிட்டதில்லை. அவள் பக்கம், என் பக்கம். சின்யோரா செத்தபோது மகன் வந்து வீட்டை விற்றான், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டான், பாக்கியம் இந்தச் சட்டியைக் கேட்டாள். நான் அந்தப் பெரிய மணிக்கூட்டைக் கேட்கலாமே என்று முறைத்தேன். மணிக்கூடு கேட்டிருந்தால் இந்நேரம் நின்றுபோயிருக்கும்.

தக்காளி இரண்டு, கையால் நசித்து. கொதிக்கட்டும். கொதித்து வற்றட்டும். கோடு இழுத்தேன். இவள் இல்லாத காலமெல்லாம்கூட இழுத்துக்கொண்டுதான் இருந்தேன், காலமை என் பக்கத்தைச் சாப்பிடுவேன், மற்றப் பக்கத்தை மூடி வைத்து இரவு சாப்பிடுவேன், இரவில் அது குளிர்ந்து பிசின் மாதிரி இருக்கும். விசர்தான். பார்க்கிறதற்கு யார் இருந்தார்கள். தனிய இருந்தால் ஒரு நாளுக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் இல்லை, டானோவின் பாண் வண்டி வந்தால் விடிந்தது, லைட்டைப் போட்டால் இருண்டது. டானோ மூன்று சில்லு வண்டியில் தெருத்தெருவாய்ப் பாண் விற்கிறவன். கீழே வந்து நின்று ஹோர்ன் அடிப்பான், நான் மூன்றாம் மாடிப் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவேன், அவன் பாணை வைத்துவிட்டு அண்ணாந்து கத்துவான், ஒண்டுதானா ரத்னா, இன்னும் ஒண்டுதானா. முழுத்தெருவுக்கும் கேட்கும். ஒண்டு, என்பேன். முன்னம் இரண்டு. அவள் போன அடுத்த நாள்தான் ஒண்டு என்று முதல் தரம் சொன்னது, அவன் காதில் கையை வைத்துத் திரும்பக் கேட்டான், திரும்பச் சொன்னேன். அவன் வருகிற நேரமாயிற்று. முட்டையைப் போட வேண்டும். அறைக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம், எழும்பிவிட்டாள், குளிக்கிறாள். பயண அலுப்புக்குக் குளிப்பு நல்லது. என் பக்கம் இரண்டு குழி, அவள் பக்கம் இரண்டு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. மஞ்சள் உடையக்கூடாது. உடையவில்லை. இன்றைக்கு எல்லாம் என் சொல் கேட்கிறது. மேலே ஆட்டுப்பால் சீஸைத் துருவு, மிளகு, பல்கனியில் ஓடிப்போய் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, அது சின்யோராவுக்குத் தெரியாத விஷயம். மூடு. ஹோலில் நெருப்புப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. சாம்பிராணி மணந்தது. முதலில் அது நல்ல மணமாய்த்தான் இருந்தது, வீடு வீடு மாதிரி மணக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு கை மூடியோடு அப்படியே நின்றுவிட்டது. சாம்பிராணி. இவள் சாம்பிராணி போடுகிற நாள் ஒரு நாள்தான்.

திரும்பினேன். வாசலில் நிற்கிறாள். தோய்ந்த தலை, துவாய்க் கட்டு, நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளிக்கிழமை. பாக்கியம் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டாள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை மணம்கூட வீட்டில் எழும்பக்கூடாது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், கொழும்பு லொட்ஜிலும் அப்படித்தான், சின்யோரா வீட்டிலும் அப்படித்தான்; வெள்ளிக்கிழமை இறைச்சிச் சட்டியைக் கழுவவே சின்யோராதான் வர வேண்டும். நான் அவளோடு இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமையை நான் தேடிப்போனதில்லை, அது விடியவே கழுவின தரையோடும் சாம்பிராணியோடும் தானாய் வீட்டுக்குள் வந்துவிடும். அவள் போனபிறகு அது வரவில்லை. வராததை நான் கவனிக்கவுமில்லை. பதினாலாம் திகதி இரவு வருகிறாள் என்று தெரியும், பதினைந்தாம் திகதி காலமை சமைக்க வேண்டும் என்று தெரியும், கிழமை தெரியாது. நில்லும் என்று சொல்ல வாய் வராமல் இந்தச் சட்டியைச் சொல்ல விட்டேன். சட்டி என்ன சொல்லுகிறது. நாலு முட்டை கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கின்றன.

"எழும்பீற்றீரோ," என்றேன். வேறென்ன சொல்ல.

"என்ன மணம்?"

"கிழங்கு."

"கிழங்கோ." கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். "கிழங்கு எப்ப துவக்கம் முட்டை இடுது?"

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இண்டைக்கு என்ன கிழமை, இஞ்சாருங்கோ?"

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சது?"

"இப்ப."

அவள் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கினது. முதலில் அழுகிறாளாக்கும் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. "முருகா," என்றாள், "நான் இல்லாத வீட்டில இவ்வளவு காலமும் என்ன நடந்ததெண்டு ரொசாலியாத் தாய்க்குத்தான் வெளிச்சம்." பிறகு சட்டியைக் கூர்ந்து பார்த்தாள். "உது என்ன, கோடோ?"

"எல்லை."

"அது தெரியுது. நான் இல்லாத நேரமும் இழுத்தனீங்களோ?"

"பழக்கம்."

"அப்ப மற்றப் பக்கத்தை ஆர் சாப்பிட்டது?"

"இரவைக்கு நான்."

அகப்பையை என் கையிலிருந்து வாங்கி, எல்லை ஓரத்தில் ஒரு கிழங்கை நிமிர்த்திப் பார்த்தாள். "நல்லா முறுகியிருக்கு," என்றாள். "தொடாம நிண்டிருக்கிறியள்." பாக்கியத்தின் வாயால் இது வர எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது, அதுவும் அவளால் சாப்பிட ஏலாத ஒரு நாளில்.

"பெட்டியைத்தான் தொட்டிட்டியள்," என்றாள்.

"இல்லை."

"சில்லுச் சத்தம் கேட்டது."

"கால் தட்டுப்பட்டது."

"பாரம் எப்பிடி?"

"இல்லை," என்றேன். மாட்டிக்கொண்டேன்.

"எப்பிடி இருக்கும். பழஞ்சீலை முழுக்கப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். அங்க கடையில தானா ஆடுற தொட்டில் வாங்கி வைச்சிருக்கினம், மணி எல்லாம் அடிக்குது, பிள்ளை கத்துது. என்ர நூல் சீலையில ஏணை கட்டிப் போட்டன், படுத்தவுடன நித்திரை. நான் வெளிக்கிட்டாலும் சீலை மணம் இருக்கும்தானே." வெளிக்கிட்டாலும் என்றாள். எப்போது வெளிக்கிட்டால். இப்போது வந்ததையா, இனிப் போய் வெளிக்கிடப்போவதையா. கேட்கலாம். கேட்டுவிடலாம். வாயைத் திறந்தேன், போன் அடித்தது. நிரோஜா. பாக்கியம் ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். ஓம் பிள்ளை, ஓம், வந்து சேர்ந்தன். பிள்ளை பால் குடிச்சானோ. சம்பந்தி எழும்பீற்றாவோ. ஓம், ஓம். உன்ர கொப்பர் வெள்ளிக்கிழமை விடிய முட்டை பொரிச்சுக்கொண்டு நிக்கிறார். ஓம், சொசேஜும். நான் உனக்குச் சொன்னது சொன்னதுதான் பிள்ளை, பேந்து என்ன கதை. வைக்கிறன். வைத்துவிட்டாள். என்ன சொன்னது சொன்னது? மருமகனின் தாய் அங்கே வந்து நிற்கிறாளா, எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. சம்பந்தி நின்றால் பாக்கியம் ஏன். அல்லது இரண்டு பேருமா. எனக்குத் தொண்டைக்குள் அந்தச் சொல் நிற்கிறது, கிழங்கு மாதிரி ஒட்டிக்கொண்டு, கழரமாட்டேன் என்கிறது. கீழே ஹோர்ன் அடித்தது. டானோ.

"இதை அவனுக்குக் குடுப்பம்," என்றாள். பெரிய சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துத் தன் பக்கத்தை வழித்து வைத்தாள். எல்லையில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்கட பக்கத்தை நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பாக்கேல்லை."

"வேண்டாம்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

அவள் என் பக்கத்தையும் வழித்து வைத்தாள். நாலு முட்டையும் உடையாமல். ஒரு முறுகல் கிழங்கு சட்டியிலேயே தங்கிவிட்டது, நான் அதைப் பார்க்காத மாதிரி நின்றேன், வயிறு அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டது. தாளால் மூடி, கூடையில் வைத்து, பல்கனிக்குப் போனோம். அவளைக் கயிறு பிடிக்க விடவில்லை நான், கொட்டிவிடுவாள். நான் இறக்கினேன், அவள் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தாள். டானோ தாளை நீக்கிப் பார்த்துவிட்டு அண்ணாந்தான். ஈரத்துவாயைக் கண்டவுடன் இரண்டு கையையும் விரித்தான். சின்யோரா பாக்கியா, வந்திட்டியளோ, என்று அவர்கள் பாஷையில் ஒரு கத்தல், எதிர்வீட்டு யன்னல் இரண்டு திறந்தன. வெள்ளிக்கிழமையோ இண்டைக்கு, உங்கட வெள்ளிக்கிழமைகளில நான் நல்லாச் சாப்பிட்டனான். வண்டியில் ஏறி இருந்து ஒரு கிழங்கை வாயில் போட்டான், கண்ணை மூடினான். இது உங்கட கைதான், என்றான். இல்லை, அவர், என்றாள் பாக்கியம். டானோ என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான், நம்பாமல். பிறகு விரலை நக்கிவிட்டு, கூடைக்குள் ஒரு பாணை வைத்தான், மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டோ?"

"ரெண்டு," என்றாள்.

அவன் காதில் கையை வைத்தான். "இண்டைக்கு மட்டுமோ, சின்யோரா?"

ஒரு பாண்காரன் கேட்டுவிட்டான். மூன்றாம் மாடிக்கு, நடுத்தெருவில் நின்று, வாய் நிறையக் கிழங்கோடு. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் காய்கிற யாரோ ஒருவனின் சாரத்தைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு நாளும்," என்றாள் பாக்கியம், அவர்கள் பாஷையில், எங்கள் ஊர் இழுவையோடு. பிறகு என் பக்கம் திரும்பாமலே தமிழில், "அங்க சம்பந்தி வந்திட்டா. ஒரு குசினிக்குள்ள ரெண்டு கிழவியளுக்கு இடமில்லை. இஞ்சயெண்டா கிழமை தெரியாத மனுசன் ஒருத்தர். இழுங்கோ, பாண் ஆறுது."

இழுத்தேன். வழமையைவிடப் பாரமாய் இருந்தது. கெதியாய் இழுக்கவில்லை, மெல்ல மெல்லத்தான் இழுத்தேன்.